விலை கேட்டால் ஆர்டர் போட்ட ஏஜென்ட்

கோவையில் பம்ப் செட் உதிரி பாகங்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்கு நான்கு வருடமாக பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் பார்த்துக்கொடுக்கிறேன். இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், பேரிங், புஷ், கெப்பாசிட்டர் என்று எல்லாம் கைக்குள் அடங்கும் சாமான்கள்தான். ஆனால் ஐட்டம் மாஸ்டரில், அதாவது சாஃப்ட்வேரில் இருக்கும் பொருள் பட்டியலில், ஆயிரக்கணக்கான வரிகள். ஆர்டர்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும். அந்த மெசேஜைப் படித்து, சரக்கு இருக்கிறதா, விலை என்ன என்று பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்ட் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். சரி, பத்து நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. 2023 ஜூனில் ஓபன்ஏஐ ஃபங்ஷன் காலிங்கைக் கொண்டுவந்ததிலிருந்து, மாடல், அதாவது ஏஜென்டின் மூளையாக இருக்கும் ஏஐ, நம் புரோகிராமை அழைப்பது பழகிப்போன விஷயமாகிவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வந்ததும் அதற்கு ஒரு பொது வடிவமும் கிடைத்தது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஃபங்ஷன்களை (ஒரு வேலையைச் செய்யும் சின்ன கோட் துண்டுகளை) எடுத்து, ஒவ்வொன்றையும் மாடல் அழைக்கக்கூடிய ஒரு டூலாக மாற்றினேன். மொத்தம் 31. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன மதிப்புகள் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். மாடலின் கண்ணில் படுவது இந்த மூன்று மட்டுமே. உள்ளே என்ன கோட் ஓடுகிறது, டேட்டாபேஸில் என்ன மாறுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 31 விளக்கங்களையும் ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன்.

முதல் முறை கடையில் ஓட்டிப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. டேட்டாபேஸின் நகல் ஒன்றில்தான் ஓட்டினோம், நல்லவேளை. கவுண்டரில் இருக்கும் அண்ணன் தன் போனில் இருந்து, வாடிக்கையாளர் கேட்பதுபோலவே அடித்தார்: "20 எம்எம் மெக்கானிக்கல் சீல் 25 பீஸ் எவ்ளோ ஆகும்ணா?" சில விநாடிகளில் பதில் வந்தது. தொகை சரியாகவே இருந்தது. அதன் கீழே ஒரு ஆர்டர் எண்ணும் இருந்தது.

"விலைதானுங்க தம்பி கேட்டேன். இது ஆர்டரே போட்டுருச்சுங்களே?"

ஸ்டாக் திரையைத் திறந்து பார்த்தோம். 25 சீல் குறைந்திருந்தது.

மாடல் தவறு செய்துவிட்டது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. வேறு மாடலுக்கு மாறலாமா என்றுகூட யோசித்தேன். அன்று இரவு, ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் லாக்கைத் திறந்து, மாடல் பார்த்த விளக்கங்களை மட்டும் தனியாக எடுத்து, கோட் எதையும் பார்க்காமல் படித்தேன். விலை டூலின் விளக்கம், தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: "ஒரு பொருளின் எம்.ஆர்.பி., டீலர் விலை இரண்டையும் தரும்." ஆர்டர் டூலின் விளக்கம்: "வாடிக்கையாளருக்கு ஆர்டரை உருவாக்கும். ஜிஎஸ்டியோடு மொத்தத் தொகையைத் திருப்பித் தரும்."

"எவ்வளவு ஆகும்" என்று கேட்டால் கேட்பவருக்கு வேண்டியது மொத்தத் தொகை. மொத்தத் தொகை தருவேன் என்று சொன்ன டூல் அந்த 31-ல் ஒன்றே ஒன்றுதான். மாடல் அதை எடுத்தது. நான் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் அது செய்ததில் பிழையே இல்லை. விளக்கத்தில் ஒரு டூல் எதைத் தரும் என்று எழுதியிருந்தேன். எதை மாற்றிவிடும், எப்போது தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் ஸ்டாக்கைத் தொடாமல் தொகையை மட்டும் கூட்டித் தரும் எஸ்டிமேட் டூல் ஒன்றைச் சேர்த்தேன். ஆர்டர் டூலின் விளக்கம் இப்படி மாறியது: "ஆர்டரைப் பதிவு செய்து ஸ்டாக்கைக் குறைக்கும். வாடிக்கையாளர் விலையோ தொகையோ மட்டும் கேட்டால் இதை அழைக்க வேண்டாம். எஸ்டிமேட் டூலை அழைக்கவும். 'அனுப்புங்க', 'போட்டுடுங்க', 'பில் பண்ணிடுங்க' என்று தெளிவாகச் சொன்ன பிறகே அழைக்கவும்." அதோடு விடவில்லை. எஸ்டிமேட் எண் இல்லாமல் ஆர்டர் டூல் ஓடாதபடி கோடிலேயே கட்டினேன். கவுண்டர் அண்ணன் ஒரு பட்டனைத் தட்டினால்தான் ஸ்டாக் குறையும் என்றும் வைத்தேன். பணமோ சரக்கோ நகரும் இடத்தில் விளக்கம் மட்டும் காவல் நிற்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. ஒரு விளக்கம் இப்படி என்றால், மற்ற 30-ம் எப்படியோ? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நானே 20 கேள்விகள் எழுதி ஓட்டினேன். இருபதும் சரியாக வந்தன. சந்தோஷப்பட்டேன், ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். கேள்விகளைத் திரும்பப் படித்தபோது காரணம் தெரிந்தது. "டெலிவரி சலான் உருவாக்கப்பட்டுவிட்டதா?" என்று எழுதியிருந்தேன். கடைக்கு வரும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "டி.சி. போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். விளக்கத்தில் என்ன சொற்களைப் போட்டேனோ அதே சொற்களில் கேள்வியும் கேட்டிருக்கிறேன். விளக்கத்தை எழுதியவரே கேள்வித்தாளும் தயாரித்தால் இப்படித்தான் ஆகும். தெரிந்தே செய்வதில்லை, அந்தச் சொற்கள் தலைக்குள் உட்கார்ந்திருப்பதால் கை அதையே எழுதுகிறது.

கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, மூன்று வாரத்து வாட்ஸ்அப் மெசேஜ்களை எடுத்தேன். பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 80 மெசேஜ்களைத் தேர்ந்தெடுத்தேன். 60 சோதனைக்கு. மீதி 20-ஐ ஒரு ஃபைலில் போட்டு, வேலை முடியும்வரை திறக்கவே இல்லை. 60-ஐயே பார்த்துப் பார்த்து விளக்கத்தைத் திருத்தினால் அந்த 60-க்கு மட்டும் பொருந்துகிற விளக்கம் வந்துவிடும். திறக்காத 20 தான் கடைசியில் உண்மையைச் சொல்லும்.

எது சரியான நடவடிக்கை என்பதை நான் முடிவு செய்யவில்லை. கவுண்டர் அண்ணனோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு மெசேஜுக்கும் "இதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணா?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். "லோடு ஏறிடுச்சா" என்றால் அவர் பார்ப்பது லாரி புக்கிங் ரசீது, நான் டி.சி. என்று நினைத்திருந்தேன். "பழசு எவ்ளோ நிக்குது" என்றால் பாக்கி. பழைய ஸ்டாக் என்று நினைத்திருப்பேன். சில மெசேஜ்களுக்கு அவர் சொன்ன பதில், "இதுக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாங்க தம்பி, சும்மா சரின்னு போட்டா போதும்." இந்த வகை மெசேஜ்கள் சோதனையில் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த டூலும் தேவைப்படாத இடத்தில் ஏஜென்ட் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதா என்பதும் பரீட்சைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் நடத்தும், மாடல்களைச் சோதித்து வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் காலிங் லீடர்போர்டிலும் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நிஜ மெசேஜ்களோடு ஓட்டியதும் நிலைமை தலைகீழானது. "டி.சி. போட்டாச்சா?" என்ற கேள்விக்கு ஏஜென்ட் ஐட்டம் மாஸ்டரில் டி.சி. மோட்டாரைத் தேடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மோட்டார், பம்ப், கெப்பாசிட்டர் என்று இருக்கும்போது அதற்கு டி.சி. என்றால் மின்சாரம்தானே ஞாபகம் வரும். சலான் டூலின் விளக்கத்தில் "கடையில் இதை டி.சி. என்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். தீர்ந்தது. அதேபோல் பார்ட்டி (வாடிக்கையாளர்), பாக்கி, லோடு, சரக்கு எல்லாம் அந்தந்த விளக்கத்துக்குள் போயின. விளக்கங்களை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறேன், தமிழ் பெரும்பாலான மாடல்களில் கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு, காசு அந்தக் கணக்கில்தான்) எடுக்கும் என்பதால். ஆனால் கடைச் சொற்களைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்களே அந்த வடிவத்திலும் சேர்த்தே போட்டேன். அதற்கு ஆகும் டோக்கன் நியாயமான செலவு.

இன்னொரு வகைத் தவறு, மாடலுக்கு அதிகம் தெரிந்திருப்பதால் வருவது. "6203 பேரிங் இருக்கா" என்ற கேள்விக்குச் சில முறை "17 எம்எம் பால் பேரிங்" என்று தேடியது. 6203-இன் உள்விட்டம் 17 மி.மீ. என்பது உண்மைதான். ஆனால் எங்கள் மாஸ்டரில் 6203 என்ற எண் மட்டுமே இருக்கிறது, எதுவும் கிடைக்கவில்லை. தேடல் டூலில் அந்த இடத்துக்கு நான் எழுதியிருந்தது "பொருளின் விவரம்" என்று. விவரம் கேட்டேன், விவரமாகவே கொடுத்தது. "வாடிக்கையாளர் சொன்ன எண்ணை அப்படியே கொடுக்கவும், அளவாகவோ பெயராகவோ மாற்ற வேண்டாம்" என்று மாற்றியதும் நின்றது. இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆந்த்ரோபிக் தன் வலைத் தேடல் டூலை வெளியிட்ட சமயத்தில், அவர்களுடைய மாடலான கிளாட் தேவையே இல்லாமல் தேடும் சொற்களோடு 2025 என்று ஒட்டிக்கொண்டிருந்ததையும், டூலின் விளக்கத்தைத் திருத்தியே அதை நிறுத்தியதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

விளக்கத்தைத் திருத்தியதால் நிலைமை இன்னும் மோசமான இடமும் உண்டு. "அஞ்சு பாக்ஸ்" என்று கேட்டால் ஏஜென்ட் 5 என்று அனுப்பியது. மாஸ்டர் அதை 5 பீஸாக எடுத்துக்கொண்டது. "எண்ணிக்கையை எப்போதும் பீஸில் கொடுக்கவும், பாக்ஸ் என்றால் பெருக்கிக்கொள்ளவும்" என்று எழுதினேன். உடனே பெருக்க ஆரம்பித்தது, ஆனால் ஒரு பாக்ஸில் 10 இருக்கும் என்று தானாகவே வைத்துக்கொண்டு. ஒவ்வொரு கம்பெனி பாக்ஸிலும் எண்ணிக்கை வேறு. அது மாடலுக்குத் தெரிய வழியில்லை, ஆனால் என் டேட்டாபேஸுக்குத் தெரியும். கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு, எண்ணிக்கை ஒரு கட்டம், அலகு இன்னொரு கட்டம் என்று பிரித்தேன். அலகுக்கு பீஸ், பாக்ஸ், செட் மூன்றில் ஒன்றுதான் போட முடியும். பெருக்கலைக் கோட் பார்த்துக்கொள்கிறது. விளக்கத்தில் ஒரு நிபந்தனைமேல் இன்னொன்றாக எழுதிக்கொண்டே போக வேண்டி வந்தால், நான் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு டூலின் வடிவத்தைப் பார்க்கிறேன். கோட் செய்ய வேண்டியதை மாடலிடம் கேட்டிருக்கிறேன் என்பதற்கு அது அடையாளம்.

மதிப்பெண் போடுவதைப் பற்றி. ஒரு கேள்விக்கு நான் பார்ப்பது நான்கு: டூலை அழைக்க வேண்டிய இடத்தில் அழைத்ததா, சரியான டூலா, கொடுத்த மதிப்புகள் சரியா, எல்லாம் முடிந்த பிறகு டேட்டாபேஸ் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா. இவற்றில் கடைசிக்குத்தான் அதிக எடை. ஏஜென்ட் முதலில் பார்ட்டியைத் தேடி அப்புறம் பொருளைத் தேடினாலும், வரிசையை மாற்றிச் செய்தாலும், முடிவு ஒன்றுதான் என்றால் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ஆரம்பத்தில் வரிசையையும் கட்டாயமாக்கி வைத்திருந்தேன். நல்ல ஓட்டங்களெல்லாம் தோல்வியாக விழுந்து என்னைக் குழப்பின. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் டேட்டாபேஸ் நகலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் முக்கியம். இல்லையென்றால் மூன்றாவது கேள்வியின் ஆர்டர் முப்பதாவது கேள்வியின் ஸ்டாக்கைத் தின்றுவிடும்.

ஒரே கேள்வியை ஒரு முறை ஓட்டி, சரியாக வந்துவிட்டது என்று டிக் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் 5 முறை ஓட்டுகிறேன். சியரா நிறுவனத்தார் 2024-இல் வெளியிட்ட டவ் பெஞ்ச் என்ற சோதனையில், ஒரே வேலையைப் பல முறை கொடுத்து எல்லா முறையும் சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். அதன் கணக்கு எளிது. 10-க்கு 9 முறை சரியாகச் செய்யும் ஏஜென்ட் தொடர்ந்து 8 முறையும் சரியாகச் செய்ய வாய்ப்பு 43 சதவீதம்தான். கவுண்டர் அண்ணனிடம் 90 சதவீதம் என்று சொன்னபோது தலையாட்டினார். "அப்போ எட்டு மெசேஜும் தப்பில்லாமப் போறது பாதிக்கும் கம்மிதானுங்களா?" என்று அவரே கேட்ட பிறகுதான் அந்த எண் இருவருக்கும் உறைத்தது.

இனி நான் சொல்லப்போவது, இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த சோதனை. எல்லா விளக்கங்களையும் அழித்துவிட்டு, டூல் பெயரையும் கட்டங்களின் பெயரையும் மட்டும் வைத்து அதே 60 கேள்விகளை ஓட்டினேன். விளக்கம் இல்லாமலே எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல், விளக்கம் எவ்வளவு உதவுகிறது என்று எப்படிச் சொல்வது? ஸ்டாக் இருப்பு டூலில் எந்த வித்தியாசமும் இல்லை, பெயரே போதுமானதாக இருந்தது. எஸ்டிமேட், ஆர்டர், சலான் மூன்றும் விளக்கம் இல்லாமல் தடுமாறின. பாக்கி டூல் மட்டும், விளக்கத்தை எடுத்ததும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது! போய்ப் பார்த்தால், "பில், ரசீது, கடன் விவரங்களைக் காட்டும்" என்று தாராளமாக எழுதி வைத்திருந்தேன். பில் சம்பந்தமாக யார் எது கேட்டாலும் அந்த ஒரு டூலுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு டூலின் விளக்கம் பக்கத்து டூலின் வேலையையும் கெடுக்கும். அதனால் விளக்கங்களைத் தனித்தனியாகப் படித்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. பட்டியல் முழுவதையும் சேர்த்து ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம், நான் இடையில் ஒரு குறுக்குவழியும் போய்ப் பார்த்தேன். இன்னொரு மாடலிடம் விளக்கங்களைக் கொடுத்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னேன். நீளமாக, சரளமாக எழுதியவற்றுக்கு நிறைய போட்டது. அந்தப் பாக்கி டூலுக்கும் நல்ல மதிப்பெண். எழுத்துப் பிழை, விட்டுப்போன அலகு, தேதி வடிவம் சொல்லாதது போன்றவற்றை அது நன்றாகக் கண்டுபிடித்தது, அதற்கு இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த விளக்கம் ஏஜென்டைச் சரியாக நடத்தும் என்பதை அந்த மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஐந்து வாக்கியங்களை ஒன்றாக மாற்றிவிட்டு, முன்னேற்றம் எதனால் வந்தது என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடியிருக்கிறேன்.

31 டூல்கள் கடைசியில் 11 ஆகின. பார்ட்டியைப் பெயரால் தேட ஒன்று, ஊரால் தேட ஒன்று, போன் நம்பரால் தேட ஒன்று என்றெல்லாம் வைத்திருந்தேன், ஒன்றாகச் சேர்த்தேன். பட்டியல் முழுவதும் ஒவ்வொரு முறையும் மாடலுக்குப் போகிறது, டோக்கனும் செலவாகிறது, ஒன்றையொன்று ஒத்த டூல்களுக்கிடையே தேர்ந்தெடுப்பதும் அதற்குக் கஷ்டம். 20-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லி ஓபன்ஏஐ தன் வழிகாட்டியில் சொல்லியிருப்பதும் இதற்காகத்தான்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் பாகம்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரே பெயரில் பொள்ளாச்சியில் ஒரு கடை, உடுமலையில் ஒரு கடை, பல்லடத்தில் ஒரு கடை. ஆர்டர் டூல் "பிழை 422" என்று மட்டும் சொல்லும். ஏஜென்ட் அதையே மூன்று முறை திரும்ப அழைத்துப் பார்த்துவிட்டு, சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும். இப்போது அந்தச் செய்தி, "இந்தப் பெயரில் 3 பார்ட்டிகள் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, ஊர் பெயரோடு மறுபடி அழைக்கவும்" என்று வருகிறது. அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஏஜென்ட் அழகாக ஊர் கேட்கிறது.

வெளியிலிருந்து எடுக்கும் டூல்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. விளக்கத்தை மாடல் கட்டளைபோல எடுத்துக்கொள்கிறது. அதற்குள் யாராவது கெட்ட நோக்கத்தோடு எதையாவது ஒளித்து வைத்தால் அதையும் செய்யக்கூடும். இதை டூல் பாய்சனிங் என்ற பெயரில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் 2025 ஏப்ரலில் காட்டியது. அதனால் லாரி புக்கிங்குக்காக நாங்கள் சேர்த்த வெளி டூல்களின் விளக்கத்தை ஒரு நகல் எடுத்து வைத்து, ஒரு எழுத்து மாறினாலும் எனக்குத் தகவல் வரும்படி செய்திருக்கிறேன்.

வேலை முடிந்தது என்று தோன்றிய நாளில் அந்த 20-ஐத் திறந்தேன். ஒவ்வொன்றும் 5 முறை. 16 கேள்விகள் ஐந்து முறையும் சரி. இரண்டு கேள்விகளில் நான் அதுவரை பார்க்காத கடைச் சொற்கள். ஒன்றில் தேதி: "03/04-க்கு மேல வாங்கினது" என்பதை ஏப்ரல் 3 என்று எடுக்காமல் மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டது. இங்கே நாள் முதலில், மாதம் பிறகு என்ற ஒரு வரியில் அது சரியானது. புது மாடல் வரும்போதெல்லாம் 80-ஐயும் திரும்ப ஓட்டுகிறேன். பழைய மாடலுக்காகச் சேர்த்த சில வரிகள் புதியதற்குத் தேவைப்படுவதில்லை, எடுத்துவிடுகிறேன்.

கவுண்டர் அண்ணன் இப்போது பில் புக்கின் பின் அட்டையில், ஏஜென்ட் தவறாகப் புரிந்துகொண்ட மெசேஜ்களை எழுதி வைக்கிறார். சனிக்கிழமை போனால் போட்டோ எடுத்து வந்து சோதனையில் சேர்ப்பேன். அந்த 20-இல் தவறிய நான்காவது கேள்வியும் அதில் முதலாவதாக இருக்கிறது: "அண்ணா போன தடவை மாதிரியே அனுப்பிடுங்க." போன தடவை அவர் வாங்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருந்தார். ஏஜென்ட் ஐந்தில் இரண்டு முறை, திருப்பிய சரக்கையும் சேர்த்தே எஸ்டிமேட் போடுகிறது. பழைய பில் டூலின் விளக்கத்தில் ரிட்டர்ன் பற்றி ஒரு வரி சேர்த்துப் பார்த்துவிட்டேன், பெரிய மாற்றமில்லை. ரிட்டர்ன் கழித்த கணக்கை அந்த டூலே தருகிற மாதிரி இந்த வாரம் மாற்றி ஓட்டப்போகிறேன்.